மூன்று முறை கேஸ் நிரப்பியும் குளிராத கார் ஏசி, மஞ்சள்மேல் போட்ட பழி: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. யாராவது படித்தார்களா என்பதற்குத்தான் இன்றுவரை அடையாளம் இல்லை.

கார் வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. வாரண்டி இருக்கிறது. பங்குனி பிறந்ததிலிருந்து ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. பெருந்துறை தாண்டி நான்குவழிச் சாலையில் விரைந்து போனால் கொஞ்சம் குளிரும். பன்னீர்செல்வம் பூங்கா சிக்னலில் நின்றுவிட்டால் அனல்தான். காலையில் ஏசியைப் போட்டதும் ஈரச்சாக்கு நாற்றம் வேறு. "அப்பிச்சி, உங்கள் காரில் நான் வரமாட்டேன்" என்று பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்.

ஈரோட்டுக் கிளையில் முதல்முறை "கேஸ் குறைந்திருக்கிறது" என்று நிரப்பி, கேஸுக்கு வாரண்டி இல்லை என்று 2,800 ரூபாய் வாங்கினார்கள். இருபது நாள் குளிர்ந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் கேஸ், மறுபடியும் 2,800. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருளா, ஐயா? மூடிய குழாய்க்குள் சுற்றுவது குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வண்டியைச் செய்தவர்கள் நீங்கள், இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே எத்தனை கிராம் மிச்சமிருந்தது, எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று என் பில் எதிலும் ஒரு வரி இல்லை.

கசிவு பார்க்கும் கருவி கோவையில்தான் இருக்கிறது என்று அனுப்பி வைத்தார்கள். அந்தக் கோவைப் பயணத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. கத்திரி வெயிலில் போக வர 200 கிலோமீட்டர், விஜயமங்கலத்தில் சுங்கம், ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர் அன்று விடுப்பு. மாலை நான்கு வரை உட்கார வைத்துவிட்டு, கருவி பழுது என்று சொல்லி மூன்றாம் முறையாகக் கேஸை நிரப்பினார்கள். நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். சர்வீஸ் அட்வைசர் ஒருவர் கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "மஞ்சள் மூட்டை ஏற்றுகிற வண்டியில் மல்லிகைப்பூ வாசமா வரும்?" என்றார். பக்கத்தில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

நான் முப்பது வருடமாக மஞ்சள் மண்டி நடத்துகிறேன். விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து சொல்வேன். சரியாகக் காயாத மஞ்சள் பூசணம் பிடித்தால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் காருக்குள் இருப்பது பூசணம் என்று முதல் நாளே சொன்னேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நாற்றம் என்கிறார் அந்தத் தம்பி! என் காரில் மூட்டை ஏற்றுவதே இல்லை, மூட்டைக்கு லாரி இருக்கிறது. கையில் எடுத்துப் போவது சாம்பிள் பொட்டலம் மட்டும்தான்.

வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எலுமிச்சை வாசனைப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டு 350 ரூபாய் போட்டதை விட்டுவிட்டேன். முன்பக்கம் இடது மிதியடி நனைந்திருக்கிறது என்று இரண்டாம் முறையே சொன்னதையும் விட்டுவிட்டேன். "தண்ணீர் பாட்டில் சிந்தியிருக்கும்" என்றார்கள்.

போன வாரம் பெருந்துறை சாலையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயில் காற்றடித்தார். ஒரு சொம்பு கறுப்புத் தண்ணீர் கொட்டியது. வடிய வழியில்லாமல் உள்ளே தேங்கி, கூலிங் காயிலில் பூசணம் பிடித்திருக்கிறது. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ஏசி ஃபில்டரை உருவினால், பஞ்சுத் தூசியும் காய்ந்த வேப்பம்பூவும். அதைப் புதிதாக மாற்றியதாக உங்கள் இரண்டாவது பில் சொல்கிறது! கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் பக்கத்துக் குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதையும் காட்டினார். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து வருமாம். "வாரண்டி வண்டி அண்ணா, அதில் நான் கைவைத்தால் என்மேல் பழி போடுவார்கள்" என்று விட்டுவிட்டார். நூறு ரூபாய்தான் வாங்கினார்.

கோவையில் நான் உட்கார்ந்திருந்த அன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் நாற்பது மூட்டை நல்ல விரலி கைநழுவிப் போயிற்று. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. சம்பந்தி வீட்டாரை விருந்துக்கு அழைத்துவந்த அன்று காருக்குள் அவர்கள் முகம் போன போக்குக்கு எந்த விலையும் ஈடாகாது. மொத்தத்தில் ஒரு லட்சத்துக்குக் குறையாத நட்டம்.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இதற்கு முந்தைய காரும் உங்களுடையதுதான். தயவுசெய்து கசிவைக் கண்டுபிடித்து, அந்த இணைப்பை வாரண்டியில் மாற்றி, காயிலைச் சுத்தம் செய்து, மூன்று முறை வாங்கிய கேஸ் பணம் 8,400 ரூபாயையும் மாற்றாத ஃபில்டருக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தாருங்கள். வண்டியை எடுத்துப்போக ஆளை நீங்கள் அனுப்புங்கள். நான் இனி விஜயமங்கலம் தாண்ட மாட்டேன்.

15 நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குத் தொலைபேசி செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். எட்டேகால் லட்சம் ரூபாய் வண்டிக்கு அங்கே கட்டணம் 200 ரூபாய்தான். உங்கள் எலுமிச்சைப் புட்டியைவிடக் குறைவு.

பில் நகல்களும் ஃபில்டரின் படமும் இணைத்துள்ளேன். ஃபில்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த அட்வைசர் தம்பி வந்தால் அதையும், பக்கத்திலேயே ஒரு விரலி மஞ்சளையும் வைக்கிறேன். மோந்து பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு