வள்ளிக்கு: ஆத்தாவின் கைவீக்கம் பற்றி

காரைக்குடி

அன்பு மகள் வள்ளிக்கு, அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் ஆத்தா அடுத்த மாதம் திருச்சியிலிருந்து புறப்பட்டு சிங்கப்பூர் வந்து உன்னோடு சில மாதங்கள் தங்கப் போகிறாள். வீங்கியிருக்கும் அவளுடைய வலக்கைக்குக் காலையில் நான் செய்துவரும் நிணநீர் நீவுதலை அங்கே நீதான் செய்ய வேண்டியிருக்கும். இதைத் தொலைபேசியில் சொன்னால் பாதி பேரனின் சத்தத்தில் போய்விடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். உங்கள் வீட்டருகே இருக்கும் அழகு நிலையத்தின் விளம்பரத்தை அனுப்பியிருந்தாய். நிணநீர் மசாஜ் செய்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும், இடை மெலியும், முகம் பளபளக்கும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். ஆத்தாவை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்ற உன் எண்ணத்தில் குறையில்லை. ஆனாலும் அங்கே போக வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் விற்பது வேறு, உன் ஆத்தாவுக்கு வேண்டியது வேறு.

முதலில் கை ஏன் வீங்குகிறது என்பதைத் தெரிந்துகொள். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போகும் நீரில் ஒரு பங்கு, நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர், நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் திரும்பி வந்து கழுத்தடியில் பெரிய சிரைகளில் கலக்கிறது. இரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயம் இருக்கிறது. நிணநீர் எனப்படும் இந்த நீருக்கு அப்படி ஒன்று கிடையாது. குழாயின் சுவர் தானாகச் சுருங்குவதும், தசைகள் அசைவதும், மூச்சு விடும்போது உதரவிதானம் ஏறி இறங்குவதுமே அதை நகர்த்துகின்றன. போகும் வழியெல்லாம் வடிகட்டிகளாகக் கணுக்கள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கைத் தடவிப் பார்த்து நெறி கட்டியிருக்கிறது என்று உன் அப்பத்தா சொல்வார்களே, அந்த நெறி இந்தக் கணுக்கள் வீங்குவதுதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது ஆத்தாவின் வலது அக்குளில் இருந்த கணுக்களை எடுத்துவிட்டார்கள். பிறகு அந்த இடத்துக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நோய்க்கு அது தேவைப்பட்டது, அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்துவிட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதலில் வடிகட்டும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கே வருகிறது. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் வீக்கம் தொடங்கலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கும் நம்மவர்களுக்கும் கால் வீங்குகிறது. ஆனால் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அது பெரும்பாலும் வடிந்துவிடும். ஆத்தாவின் கையில் தேங்குவது வெறும் நீரன்று, புரதம் மிகுந்த நீர். அது நாள்பட நின்றால் திசு தடித்து நார் போலாகி, கொழுப்பும் சேர்ந்துகொள்ளும். இதனால்தான் நீர் மாத்திரைகள் இந்த வீக்கத்துக்குப் பயன்படுவதில்லை. அவை நீரைக் குறைத்தாலும் புரதம் அங்கேயே கிடக்கும். அவளுடைய இரு கைகளிலும் விரல் தொடங்கும் இடத்தில், புறங்கைப் பக்கத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார். இடக்கையில் தோல் மெல்லிய மடிப்பாக எழும்பும். வலக்கையில் தடித்து, விரல்களுக்குள் பிடிபடாமல் நழுவும்.

இப்போது நீவும் முறைக்கு வருகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்ஸின் கான் நகரில் வேலை செய்தபோது இதை உருவாக்கினார்கள். ஓயாத சளியோடு கழுத்துக் கணுக்கள் வீங்கி வந்தவர்களுக்கு அதைச் செய்து பார்த்து, 1936இல் பாரிஸில் அறிமுகப்படுத்தினார்கள். வீங்கிய கணுக்களைத் தொடவே கூடாது என்று கருதப்பட்ட காலம் அது என்பதால் முதலில் மருத்துவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. பிற்பாடு ஜெர்மனியில் மைக்கேல் ஃபோல்டி என்ற மருத்துவர் இதனோடு கட்டுப்போடுதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார். ஆத்தாவுக்கு நம் பிசியோதெரபிஸ்ட் அம்மா செய்தது அந்த முழுச் சிகிச்சை. வீட்டில் செய்துகொள்வதற்காக அதில் ஓர் எளிய பகுதியை மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நீ மறக்கக் கூடாதது ஒன்றுதான்: அழுத்தாதே. நமக்குத் தெரிந்த மசாஜ் எல்லாம் தைலத்தை ஊற்றி, கட்டை விரலால் அழுத்தி உருவி எடுப்பது. சுளுக்குக்கு அது சரி. நிணநீர்க் குழாய்களின் தொடக்க நுனிகள் தோலுக்குச் சற்றே கீழே இருக்கின்றன. சுற்றியுள்ள திசுவோடு நுண்ணிய இழைகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், தோல் மெல்ல இழுபடும்போது அவற்றின் வாய் திறந்து நீர் உள்ளே போகிறது. அழுத்தித் தேய்த்தால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடி, கசியும் நீரும் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே எண்ணெய் வேண்டாம், பவுடரும் வேண்டாம். உன் உள்ளங்கை தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோலைக் கூட்டிக்கொண்டு நகர வேண்டும். தோலை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டுக் கையைத் தளர்த்து, தோல் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பட்டும், மறுபடி நகர்த்து. நொடிக்கு ஒன்று என்ற நிதானம் போதும். தோல் சிவந்தாலோ ஆத்தாவுக்கு வலித்தாலோ நீ அழுத்துகிறாய் என்று பொருள்.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். வீங்கியிருப்பது கையாயிற்றே என்று நேரே கையைப் பிடிக்கத் தோன்றும். நம் ஊருணிக்கு வரும் வரத்துக்காலைத் தூர்வாரும்போது ஊருணியை ஒட்டிய இடத்தில் வெட்டத் தொடங்கி மேல்நோக்கிப் போனால்தான், மேலே திறந்துவிடும் நீர் வழியில் தேங்காமல் போய்ச் சேரும். இதுவும் அப்படியே. முதலில் ஆத்தாவைப் படுக்கவைத்து வயிறு எழும்பும்படி ஐந்தாறு முறை மூச்சை ஆழ இழுத்து விடச் சொல். பிறகு காறை எலும்புக்கு மேலுள்ள இரு பள்ளங்களிலும் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை மெல்ல வட்டமாக நகர்த்து. நிணநீர் கடைசியாகச் சிரையில் சேரும் இடம் இதுதான். வலக்கையின் நீர் வலப்பக்கத்திலும், இடக்கையோடு உடம்பின் மற்ற பெரும்பகுதியின் நீர் இடப்பக்கத்திலும் சேரும். அடுத்து நல்ல பக்கமான இடது அக்குள். அதன் பிறகு மார்பின் குறுக்கே வலமிருந்து இடமாகத் தோலைத் தள்ளி, நீரை இடது அக்குளுக்குத் திருப்பிவிட வேண்டும். வலது விலாவிலிருந்து இடுப்பை நோக்கிக் கீழேயும் ஒரு வழி உண்டு. தொடையிடுக்கிலுள்ள கணுக்களுக்கு அது போகிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கை. அதிலும் மேற்கை முதலில், பின் முழங்கை, முன்கை, கடைசியில் புறங்கையும் விரல்களும். கையில் எந்த இடத்தை நீவினாலும் தள்ளுவது தோளை நோக்கியே. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அறுவைத் தழும்பின் மேல் பிசியோதெரபிஸ்ட் அம்மா காட்டியபடி மட்டும் செய். அந்தப் பகுதியைப் படம் பிடித்து அனுப்புகிறேன், எழுத்தில் அது விளங்காது.

நீவி முடித்ததும் கை இலகுவாகிவிட்டது என்று ஆத்தா சொல்வாள்; தொட்டால் மெத்தென்று இருக்கும். அதை நம்பி அப்படியே விட்டுவிட்டால் மாலைக்குள் பழையபடி ஆகிவிடும். கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான ஸ்லீவை உடனே போட்டுவிட வேண்டும். இந்தச் சிகிச்சையில் பெரும் பங்கு ஸ்லீவுக்கும் கட்டுக்கும்தான், நீவுதலுக்கு அன்று. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது; அதில், கட்டுப்போட்டவர்களுக்கு வீக்கம் சுமார் 30 முதல் 39 விழுக்காடு வரை குறைந்ததாகவும், அதனோடு நீவுதலையும் சேர்த்தபோது மேலும் ஏழு விழுக்காடு போலக் கூடுதலாகக் குறைந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். வீக்கம் முற்றாத நிலையில் இருப்பவர்களுக்கே அந்தக் கூடுதல் பலன் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் உனக்கு வேலை மிகுதியாகி நீவ முடியாமல் போனால் மனம் வருந்தாதே. ஸ்லீவ் போடாமல் ஒரு நாளும் இருக்க விடாதே. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கசகசக்கிறது என்பாள், புறங்கைப் பகுதியை மட்டும் கழற்றி வைப்பாள். அதை மட்டும் கழற்றினால் நீர் புறங்கையில் வந்து தங்கும்.

நச்சு நீக்கம் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலின் வேலை, சிறுநீரகத்தின் வேலை. அவை நன்றாக இருப்பவருக்கு யாரும் மேலிருந்து தடவி நச்சை எடுக்க வேண்டியதில்லை. மசாஜுக்குப் பிறகு இடுப்பளவு சிறிது குறைந்தால் அது நகர்ந்த நீர். கொழுப்பு அங்கேயேதான் இருக்கும். நல்ல தூக்கம் வரும், மனம் இளகும், அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அந்தக் கட்டணம் கொடுக்க விரும்பினால் நீ போய்விட்டு வா, உனக்கு உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. உண்மையான பயன் உள்ள இடங்கள் வேறு. தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் முகமும் தொண்டையும் வீங்குகிறவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்த முதல் சில நாட்களில் செய்தால் கால் சற்று எளிதாக மடங்குகிறது என்று சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வீக்கம் குறைகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. யானைக்கால் நோய்க்கு இதைவிட முதன்மையானது, தினமும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி விரலிடுக்கு வரை துடைத்து வைப்பதும், காலை உயர்த்தி வைப்பதும், அசைப்பதும்தான். நம் பக்கத்தில் பெரிய கால்களோடு நடமாடியவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த எளிய செய்தியைச் சொல்வார் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நீவக் கூடாத நேரங்கள் உண்டு. ஆத்தாவின் கை சிவந்து, சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் அது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. ஆன்டிபயாட்டிக் உடனே தொடங்க வேண்டும். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை நீவுதல் கிடையாது. காலிலோ கையிலோ இரத்தக் கட்டி அடைத்திருந்தாலும், இதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோத்திருந்தாலும் இதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் நகரும் நீரெல்லாம் போய்ச் சேர்வது இதயத்துக்குத்தான். கை திடீரென்று வலியோடு பெருத்தாலோ, தழும்பருகே புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ அதையும் மருத்துவரிடமே காட்டு. வீக்கம்தானே என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

அந்தக் கிருமி பெரும்பாலும் சிறு காயங்களின் வழியாகத்தான் நுழைகிறது. அங்கு வந்ததும் பேரனுக்குக் கந்தரப்பமும் சீயமும் சுட வேண்டும் என்று சட்டியை ஏற்றுவாள். எண்ணெய் தெறிக்கும் வேலையை நீயோ மாப்பிள்ளையோ செய்யுங்கள், மாவு கரைத்துக் கொடுப்பதோடு அவள் நிற்கட்டும். பாத்திரம் துலக்கும்போது கையுறை போடச் சொல். வலக்கை வளையல்களை இங்கேயே கழற்றி வாங்கி வைத்துவிட்டேன். ரவிக்கைக் கை பிடித்திருந்தால், கழற்றும்போது முழங்கைக்கு மேலே தையல் பதிந்த கோடு தெரியும். அந்த ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இரவில் படுக்கும் முன் தோல் வெடிக்காமல் இருக்க ஏதாவது க்ரீம் தடவட்டும், பகலில் ஸ்லீவுக்கு அடியில் வேண்டாம், அதன் இழுவை கெட்டுவிடும். ஊசியும் இரத்த அழுத்தச் சோதனையும் இடக்கையிலேயே நடக்கட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்று அவளைக் கையைக் கட்டி உட்கார வைத்துவிடாதே. இப்படிப்பட்ட கையால் எதையும் தூக்கக் கூடாது என்று முன்பெல்லாம் சொல்வார்கள். ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களுக்குப் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. தொந்தரவு திடீரென மிகுவது குறைந்தது. அவர்கள் ஸ்லீவ் போட்டுக்கொண்டு, மேற்பார்வையில், சிறிய எடையில் தொடங்கினார்கள் என்பதை நினைவில் வை. பேரனைத் தூக்குவதற்கும் அதுவே விதி. ஸ்லீவ் போட்டிருக்கும்போது, முதலில் உட்கார்ந்து மடியில் வைத்து, பிறகு சிறிது நேரம் தூக்கட்டும். மாலையில் கை கனக்கிறது என்றால் மறுநாள் குறைத்துக்கொள்ளட்டும்.

வாரம் ஒரு முறை, காலையில் நீவுவதற்கு முன்பாக, அளவு எடு. மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே பத்து சென்டிமீட்டர், மேலே பத்து சென்டிமீட்டர் என மூன்று இடங்களை நான் பேனாவால் புள்ளி வைத்து அளக்கிறேன். இடக்கையையும் அளந்து பக்கத்தில் எழுது. உடம்பு எடை கூடினால் இரண்டு கையும் கூடும், நோயால் கூடினால் ஒன்று மட்டும் கூடும். அளவு இரண்டு சென்டிமீட்டர் தாண்டிக் கூடி, அடுத்த வாரமும் அப்படியே நின்றால் அங்குள்ள மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் முன்பதிவு செய்துவிடு.

விமானம் சுமார் நான்கு மணி நேரம்தான். திருச்சியில் ஏறுவதற்கு முன்பே ஸ்லீவ் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து சற்றுநேரம் கழித்துக் கழற்றினால் போதும். பெட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் கடிதம், மாத்திரைகள், மாற்று ஸ்லீவ், அளவு எழுதும் நோட்டு நான்கும் கைப்பையில் இருக்கும். இப்போதுள்ள ஸ்லீவ் வாங்கி ஐந்து மாதம் ஆகப்போகிறது, ஆறு மாதத்துக்கு மேல் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். அங்கே அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் இருந்தால் விசாரித்து வை. இல்லையென்றால் எனக்கு எழுது, நான் இங்கிருந்து வாங்கி யார் மூலமாவது அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி