மாம்பழ வாசனை வந்த 'பென் டிரைவ்': பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு அட்டவணையோடு வழக்கமாக வரும் தாள் என்று நினைத்து இதை மடித்து வைத்துவிடாதீர்கள். அட்டவணை தனியாக வரும். இது வேறு விஷயம், கொஞ்சம் நீளமும்கூட.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. நம் பள்ளித் தூய்மைப் பணியாளர் மாடிக் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பொருளை எடுத்துவந்து அலுவலகத்தில் கொடுத்தார். "யாரோ பென் டிரைவை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் சார்" என்றார். விரல் நீளம், நீல நிறம், வழவழப்பான உடம்பு. கணினி ஆசிரியர் வாங்கி, செருகும் முனை எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை இல்லை. அடியில் சார்ஜ் ஏற்றும் துளை, மேலே சப்பையான சின்ன வாய். மூக்கருகே கொண்டுபோனார். பழுத்த மாம்பழ வாசனை. வருகைப் பதிவேட்டை வைக்க அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மாணவன் ஒருவன் அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தான். அறையில் பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தோம். அது என்னவென்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இ-சிகரெட். பிள்ளைகள் 'வேப்' என்கிறார்கள்.

கொண்டுவந்தது யார் என்பது அடுத்த நாளே தெரிந்துவிட்டது. எந்த வகுப்பு, யார் பிள்ளை என்று கேட்டு யாரும் என்னிடம் வரவேண்டாம், சொல்ல மாட்டேன். அந்த மாணவருடைய தந்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கள் சார், நாலு வீட்டில் தெரியட்டும்" என்று சொன்னவரே அவர்தான்.

அவரும் அவர் மனைவியும் வந்த அன்று, உட்காருவதற்கு முன்பே, "மாற்றுச் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார்கள். கொடுக்கும் எண்ணமே எனக்கு இல்லை. இந்தப் பழக்கத்துக்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் அவன் இன்னொரு பள்ளியின் தண்ணீர்த் தொட்டியைத் தேடிக்கொள்வான், அவ்வளவுதான். பிறகு தந்தை மெதுவாகச் சொன்னார். அது மகன் வாங்கிய பொருள் இல்லை, அவருடையது. பதினைந்து ஆண்டுகளாக நாளுக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடித்தவர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்து, "இதைப் பிடியுங்கள் மாமா, சிகரெட் தானாக நின்றுவிடும்" என்றாராம். வீட்டில் புகை வாசனை போயிற்று, காலை இருமல் குறைந்தது, மனைவிக்கு மகிழ்ச்சி. பீரோவில் வைத்திருந்த இரண்டில் ஒன்று எப்போது காணாமல் போனது என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கள் சார். சிகரெட்டைவிட இது பரவாயில்லையா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு 'இரண்டும் விஷம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லி எழுந்துவிடலாம். மேடையில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது முழு உண்மை இல்லை. முழுதாகச் சொல்லாவிட்டால் நாளை கைப்பேசியில் தேடிப் பார்க்கும் பிள்ளை நம் இருவரையும் நம்ப மாட்டான்.

சிகரெட்டின் நுனி இழுக்கும்போது ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் எரிகிறது. அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள், அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. மின்கலம் ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது, சுருளைச் சுற்றியுள்ள திரவம் நுண்துளிப் படலமாக மாறுகிறது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின் (புகையிலைக்கு அடிமையாக்கும் பொருள்), வாசனைச் சரக்கு ஆகியவைதான் அந்தத் திரவம். நாடக மேடையில் புகைமூட்டம் போடுவதற்கும் அந்த முதல் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. எனவே சிகரெட்டை முழுக்கக் கைவிட்டு இதற்கு வரும் பெரியவருக்குத் தீங்கு குறைவு என்று பிரிட்டன் மருத்துவத் துறை சொல்வது பொய்யில்லை. 2003-இல் இன்றைய வடிவத்தில் இதை உருவாக்கிய சீன மருந்தாளர் ஹான் லிக் தானும் கடுமையாகப் புகைபிடித்தவர், தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நல்ல நோக்கத்தில் பிறந்த பொருள்தான்.

பிரிட்டனில் 886 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. இ-சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் விட்டவர்கள் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அதே ஆய்வில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இ-சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டையும் சூயிங்கமும் எடுத்து விட்டவர்களில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே.

இதைச் சொன்னதும் அந்தத் தந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீக்கடையில் மட்டும் இன்னும் ஒரு சிகரெட் உண்டு சார்" என்றார். ஆக, மாற்றாக வீட்டுக்குள் வந்தது பழையதோடு சேர்ந்து கூடுதலாகிவிட்டது.

சரி, அவருடைய கணக்கு அது. மகனுடைய கணக்கு? பதினைந்து ஆண்டு சிகரெட் பிடித்தவருக்கு இது எதற்கோ மாற்று. ஒரு சிகரெட்டும் தொடாத பிள்ளைக்கு எதற்கு மாற்று? அவன் விட்டுவிடுவதற்கு எதுவுமே இல்லை. பெரியவர் வெளியேறுவதற்காகத் திறந்த கதவு வழியாகப் பிள்ளை உள்ளே வந்துவிட்டான்.

அந்த நீலக் குழாயில் பொடி எழுத்தில் '5%' என்று அச்சிட்டிருந்தது. ஐந்து சதவீதம்தானே என்று நானும் நினைத்தேன். கணித ஆசிரியர் ஒரு தாளை எடுத்தார். ஐந்து சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிகோடின். அதன்மேல் எழுதியிருந்த அளவு 10 மில்லிலிட்டர். ஆக 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் சேர்வது ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம்தான். "குழாயில் இருப்பதெல்லாம் உடலுக்குள் போய்விடாது" என்று வேதியியல் ஆசிரியை திருத்தினார். இருவரும் அதைப் பற்றிப் பாட இடைவேளை முழுவதும் வாதிட்டார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கும் பிரிட்டனிலேயே மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. நம் கைக்கு வந்தது அதைப்போல் இரண்டரை மடங்கு. அதுவும் அச்சிட்டது உண்மையாக இருந்தால். தடை செய்யப்பட்ட சரக்கின் லேபிளைச் சரிபார்ப்பவர் யார்?

2019-20-இல் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டோர் வேப் பிடித்து நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததும், 68 பேர் இறந்ததும் நினைவிருக்கலாம். வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. பெரும்பாலும் அது கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குழாய்களால், அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் நடந்தது. நிகோடின் குழாய்கள் எல்லாமே அப்படிச் செய்யும் என்று அதை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று இழுப்பவருக்குத் தெரியாது என்பது மட்டும் நமக்கும் பொருந்தும்.

நிகோடின் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பறையிலேயே பார்த்தேன். இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பழகிய மூளை அப்போது அடுத்ததைக் கேட்கும். அந்த மாணவரின் வகுப்பாசிரியை பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆகஸ்ட்டிலிருந்து மூன்றாம் பாடவேளையிலும் ஆறாம் பாடவேளையிலும் தவறாமல் கழிப்பறைக்கு அனுமதி. நாங்கள் அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். சிடுசிடுப்பையும் கவனம் சிதறுவதையும் வயதுக் கோளாறு என்று நினைத்தோம். கவனத்தையும் நிதானத்தையும் ஆளும் மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பது. அந்த வளர்ச்சிக்கு நடுவில் புகுவதால்தான் சிறுவயதில் பிடிக்கும் பழக்கம் இறுகப் பிடிக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. நான் பத்தொன்பது ஆண்டுகள் புகைபிடித்தவன். கல்லூரி நாட்களில் என் அம்மா சட்டைக் காலரை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1990-களில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கடைக்கு அனுப்பி இரண்டு சிகரெட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை. அன்று அது எனக்கோ கடைக்காரருக்கோ தவறாகப் படவில்லை. அன்று கடைக்குப் போன அந்தப் பையன் இன்று உங்களில் ஒருவர், மகளை நம் பள்ளியில் படிக்க வைக்கிறார். போன மாதம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மீதிச் சில்லறையில் மிட்டாய் வாங்கிக்கொள்வேன் சார், அதுதான் ஞாபகம் இருக்கிறது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை விட்டு, மூன்று முறை திரும்பிப் போய், நான்காம் முறை நிகோடின் சூயிங்கத்தின் துணையோடு விட்டேன். அதனால் விட முயலும் தந்தை யாரையும் நான் குறைத்துப் பேச மாட்டேன்.

2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் சிகரெட் விற்கக் கூடாது. வாசல் சாலையில் நாம் வரைந்த மஞ்சள் கோடு அதற்குத்தான். இ-சிகரெட்டுக்குக் கோடே தேவையில்லை. தமிழ்நாடு 2018-இல் தடை செய்தது. 2019-இல் மத்திய சட்டம் வந்து நாடு முழுவதும் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. விற்றுப் பிடிபட்டால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். மைத்துனர் பெட்டியில் அன்போடு கொண்டுவந்தாலும் இறக்குமதி இறக்குமதிதான். நம் வீடுகள் பலவற்றில் ஒருவராவது சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு இதைக் கொடுத்து ஊக்குவிக்கும் பிரிட்டனும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. பிள்ளைகள் கையில் அதிகம் புழங்கியது அந்த வகைதான். சந்தையில் 16,000 சுவைகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பது வயதுக்காரர் சிகரெட்டை விடுவதற்குப் பஞ்சுமிட்டாய்ச் சுவை எதற்கு என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பள்ளியில் என்ன செய்கிறோம் என்பது. தினமும் பையைச் சோதிக்கப் போவதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் என் முடிவு இதுதான். தானாக வந்து ஒப்படைக்கும் மாணவருக்குத் தண்டனை கிடையாது, பெற்றோரை அழைத்துப் பேசுவோம். விற்பதோ கைமாற்றுவதோ தெரிந்தால் அது காவல் நிலையத்துக்குப் போகும், பரிந்துரையோடு யாரும் வரவேண்டாம். அந்த மாணவர் வழக்கம்போல் வகுப்புக்கு வருகிறார். முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டார். மூன்றாம் பாடவேளையில் அவரை மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் உடற்கல்வி ஆசிரியர். மருத்துவ முறையா என்று தெரியாது, பலன் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. அறையில் காரணமில்லாமல் பழ வாசனையோ புதினா வாசனையோ வந்தால், மேசையில் உங்களுக்குப் புரியாத பேனாவோ ஹைலைட்டரோ இருந்தால், கத்துவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வரும் கூரியர் பொட்டலங்களைக் கவனியுங்கள். நீங்களே பயன்படுத்துபவராக இருந்தால், அதை பீரோவில் ஒளித்து வைப்பதைவிட நீங்கள் விட முயல்வதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது மேல். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் ஆலோசனை கிடைக்கும். அந்தத் தந்தை இப்போது அங்கேதான் போய்வருகிறார். டீக்கடைச் சிகரெட் இன்னும் நிற்கவில்லையாம், ஆனால் சொல்லிவிட்டுத்தான் பிடிக்கிறார்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். அம்மாக்கள் மட்டும் வருவது வழக்கம். இந்த முறை அப்பாக்கள் வரவேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அந்த நீலக் குழாயை என்ன செய்தேன் என்று சிலர் கேட்டீர்கள். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் குப்பையில் போட முடியாது. இருப்பு வைப்பதையும் சட்டம் தடுக்கிறது. தலைமையாசிரியரின் இழுப்பறையில் ஒன்று இருந்தால் அது இருப்பாகுமா ஆகாதா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. மாணவர் பெயர் குறிப்பிடாமல் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டேன். உதவி ஆய்வாளரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன சார் பதிவாகியிருக்கிறது?" என்றுதான் கேட்டார்.