பழைய தீம் பார்க் பசங்களுக்குப் பிடிக்காம போகல, ராட்டினத்தை ஓட விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய தீம் பார்க் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பன்னெண்டு வயசுக்கு மேல ஆன பசங்களுக்கு ஜயன்ட் வீலும் கொலம்பஸும் போரடிச்சுப் போச்சு, அவங்களுக்கு செல்லுல கேம் போதும், இல்லன்னா மால்ல ஒரு மணி நேரம் போதும்னு எழுதியிருந்தாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில இருபது வருஷமா மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருக்கேன், பத்தாவது போகப்போற பொண்ணு, ஆறாவது போகப்போற பையன், இந்த மே மாசம் அவங்களையும் எங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு குடும்பத்தோட சென்னையைச் சுத்தி இருக்குற பழைய பார்க் ஒண்ணுக்குப் போயிட்டு வந்தோம், அங்க கண்ணால பார்த்ததை வச்சுத்தான் இதை எழுதுறேன். பார்க் பேரை எழுதல, இது ஒரே ஒரு பார்க்கோட பிரச்சினை இல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 1995ல தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தா திறந்தப்போ நான் ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தேன். இந்தியாவோட முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பிச்ச பார்க்குன்னு ஸ்கூல் பூரா அதே பேச்சு. அதுக்கப்புறம் ஈசிஆர்ல விஜிபி கோல்டன் பீச்சுக்குப் போனப்போ எனக்கு மீசை அரும்புற வயசு, சின்னப் பையன் இல்ல, ஆனாலும் அங்க வாசல்கிட்ட அசையாம நிப்பாரே சிலை மனுஷன், அவர் முன்னாடி நானும் என் கூட்டாளிங்களும் அரை மணி நேரம் நின்னு என்னென்னவோ சேஷ்டை பண்ணிப் பார்த்தோம், மனுஷன் கண்ணைக்கூட அசைக்கல. அதுல மெஷின் கிடையாது, ஸ்பீடு கிடையாது, இருந்தும் பதினாலு வயசுப் பையனுங்க நாலு பேரு அந்த எடத்தை விட்டு நகரல. அதனால வளர்ந்த பசங்களுக்கு வேகம் மட்டும்தான் வேணும்ங்கறதை நான் நம்பறதில்ல.

இப்போ மே மாசக் கதைக்கு வர்றேன். காலையில ஆவடியில ரயில் ஏறும்போதே பொண்ணு மூஞ்சி சரியில்ல, "அப்பா நான் எதுலயும் ஏற மாட்டேன், தம்பிக்காக வர்றேன்"னு சொல்லிட்டா. கவுண்டர்ல பையன் உயரத்தைப் பார்த்துட்டு பெரியவங்க டிக்கெட்னு போட்டுட்டாங்க, எங்க அம்மாவுக்கு 68 வயசு, எதுலயும் ஏறப் போறதில்ல, அவங்களுக்கும் முழு டிக்கெட். சரின்னு கட்டினோம். உள்ள போய் பையன் ஆசைப்பட்ட ரைடு வாசல்ல நின்னா அங்க 140 சென்டிமீட்டர்னு கோடு போட்டிருக்கு, பையன் 138, ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அந்த ரூல் சரியானதுதான், தொடை மேல வர்ற கம்பி இடுப்பைப் புடிச்சாத்தான் பாதுகாப்பு, உயரம் கொறைஞ்சா உடம்பு கம்பிக்குக் கீழ வழுக்கிடும், அது எனக்குப் புரியுது. ஆனா கவுண்டர்ல பெரியவன், ரைடு வாசல்ல சின்னவன்னு ஒரே புள்ளையை ரெண்டு விதமா அளந்தா எப்படி? பத்து பதினொரு வயசுப் பசங்க எல்லாரும் இதுலதான் மாட்டுறாங்க, அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பொண்ணு வேப்பமரத்தடியில பாட்டி பக்கத்துல உக்காந்து செல்லை நோண்டிக்கிட்டிருந்தா. எதிர்ல கொலம்பஸ் கப்பல் ஆடிக்கிட்டிருந்துச்சு. நான் சும்மா பேச்சுக்கு, "பாப்பா, அந்தக் கப்பலுக்கு அடியில ஒரு டயர் தெரியுது பாரு, அதுதான் அவ்வளவு பெரிய கப்பலை ஆட்டுது"ன்னேன். நிமிர்ந்து பார்த்தா. லாரி டயர் மாதிரி ஒரு டயர், கீழ சுத்திக்கிட்டே இருக்கு, கப்பல் அடிப்பாகம் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உரசி ஒரு தள்ளு தள்ளுது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஏத்தி மேல கொண்டு போகுது, ஊஞ்சலை நாம சரியான நேரத்துல தள்ளுவோமே அதே கணக்குதான், நிறுத்தும்போது அதே டயரே பிரேக். அவ செல்லைப் பையில போட்டுட்டு எழுந்து போய் வேலிக்கம்பியைப் புடிச்சுக்கிட்டு நாலு ரவுண்டு பார்த்தா. ஓட்டற தம்பி இதைக் கவனிச்சுட்டு, "பாப்பா, கடைசி சீட்ல உக்காந்தாத்தான் வயித்துல கூச்சம் நல்லா தெரியும்"னு சொன்னாரு, "ஏன்ணா"ன்னு இவ கேட்டா, "ஓரம்தான் அதிக உயரம் போகும்"னாரு. அவ்வளவுதான், மூணு தடவை கடைசி சீட்லயே ஏறுனா. இறங்கி வந்து, மேல போய் ஒரு செகண்டு உடம்பு கனமே இல்லாம போகுதே அது ஏன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல முதல் பாடமே இயக்க விதிகள்தான், லிஃப்ட்ல போகும்போது எடை கூடுற மாதிரியும் கொறையற மாதிரியும் தெரியறதைப் பத்தி அதுல வரும். புத்தகத்துல படிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவ வயித்துல அது பதிஞ்சுருச்சு.

எங்க அம்மா அதைப் பார்த்துட்டு, அவங்க ஊர்த் திருவிழாவுல மர ராட்டினத்தை நாலு ஆளு கையாலேயே சுத்துவாங்க, ஒருத்தர் ஆரக்கால் மேல ஏறி மிதிச்சு மிதிச்சு இறக்குவாரு, அவர் கால் வழுக்கிடுமோன்னு கீழ இருந்து பயந்துகிட்டே பாப்போம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பொண்ணு இதுவரைக்கும் பாட்டிகிட்ட இவ்வளவு நேரம் உக்காந்து கதை கேட்டு நான் பார்த்ததில்ல.

இதைத்தான் நான் சொல்ல வர்றேன். வளர்ந்த பசங்க "இது எப்படி"ன்னு கேக்குற வயசுல இருக்காங்க. பழைய பார்க்ல எல்லா மெஷினும் வெட்டவெளியில நிக்குது, சங்கிலி தெரியும், டயர் தெரியும், மோட்டார் சத்தம் கேக்கும். புதுசா வந்த பார்க்குங்களை நான் கொறை சொல்லல, 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் திறந்த வண்டர்லாவுல தண்டவாளம் தலைக்கு மேல இருக்க, கால் தொங்கிக்கிட்டே போற கோஸ்டர் போட்டிருக்காங்க, சுவிட்சர்லாந்து கம்பெனி செஞ்சது, என் பசங்களுக்கும் அங்க போகணும்னு ஆசை இருக்கு, கூட்டிட்டுத்தான் போவேன். ஆனா பழைய பார்க் அதோட போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, போட்டி போட வேண்டிய அவசியமும் இல்ல. அதுகிட்ட இருக்குறதை ஒழுங்கா ஓட்டினாலே போதும்.

ஓட்டறது இல்லங்கறதுதான் என் வருத்தம். அன்னைக்கு அஞ்சு ரைடு கயிறு கட்டி நிறுத்தி வச்சிருந்தாங்க. டிக்கெட் கொடுக்கும்போது ஒருத்தரும் சொல்லல. அதுல ஒண்ணு ரோலர் கோஸ்டர். கொலம்பஸ்ல இருந்து இறங்கின வேகத்துல பொண்ணு நேரா அங்கதான் ஓடுனா. "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது"ன்னு போர்டு, அந்த போர்டு மேலயே ஒட்டடை படிஞ்சிருந்தது, வண்டி நிக்கற எடத்துல தண்டவாளத்துக்கு நடுவுல புல்லு முழங்கால் உயரம். பராமரிப்பு பாக்கறவன் நான், பராமரிப்பு நடக்கற எடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், கிரீஸ் வாசனை வரும், ஸ்பேனர் கிடக்கும், ஆள் இருப்பாங்க. அங்க ஒண்ணும் இல்ல. "இதுல இஞ்சின் எங்கப்பா இருக்கு"ன்னு கேட்டா. இஞ்சினே கிடையாதும்மா, சங்கிலி மேல வரைக்கும் இழுத்து விடும், அதுக்கப்புறம் பள்ளத்துல விழுற வேகம்தான், மேல ஏறும்போது கடகடகடன்னு சத்தம் வருமே அது வண்டி பின்னாடி உருளாம இருக்க ஒரு நாக்கு பல்லு பல்லா விழுந்துக்கிட்டே வர்ற சத்தம், சங்கிலியே அறுந்தாலும் அது புடிச்சுக்கும்னு சொன்னேன். எல்லாம் வாயாலதான் சொல்ல முடிஞ்சது. அந்தக் கடகட சத்தத்தை அவளுக்குக் கேக்க வைக்க முடியல.

வீட்டுக்கு வந்ததும் அவ யூடியூப்ல தேடி ஒரு வீடியோ காட்டினா. டென்மார்க்ல கோபன்ஹேகன் ஊருக்கு நடுவுல டிவோலின்னு ஒரு பார்க், 1843ல ஆரம்பிச்சது. அங்க 1914ல போட்ட மரக் கோஸ்டர் இன்னும் ஓடுது, ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு ஆள் கூடவே உக்காந்து கையாலேயே பிரேக் போட்டுக்கிட்டு வர்றாரு. வீடியோவுல காலேஜ் பசங்க, தாத்தா பாட்டி எல்லாரும் ஒரே வரிசையில நிக்கறாங்க. நூத்துப் பத்து வருஷத்துக்கு மேல ஆன மெஷின். நம்ம பார்க்குங்க வயசு முப்பது நாப்பதுதான். வயசாகறது மெஷினுக்குப் பெரிய வியாதி இல்ல, கவனிக்காம விடறதுதான் வியாதி. எங்க கம்பெனியில வெல்டிங் ஜாயின்ட்ல சந்தேகம் வந்தா சிவப்பு டை அடிச்சு, தொடச்சுட்டு, மேல வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே பண்ணுவோம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா முடி மாதிரி சிவப்புக் கோடு எழும்பி வரும். பெரிய செலவு இல்ல. அன்னைக்கு ஓடிக்கிட்டிருந்த ஒரு சுத்தற ரைடுல பேரிங் காஞ்சு போய் கீச்சுன்னு கத்திக்கிட்டிருந்தது, அந்த சத்தத்தைக் கேட்டுட்டு என் பசங்களை நான் அதுல ஏத்தல. ஓட்டறவர்கிட்ட சொன்னேன், ஆபீஸ்ல சொல்லுங்க சார்னாரு. ஆபீஸ்ல நோட்டுல எழுதிக்கிட்டாங்க, ஆனா நாங்க கிளம்பற வரைக்கும் அது ஓடிக்கிட்டேதான் இருந்தது.

இன்னொரு விஷயம், இது எனக்கே என் வீட்டுக்காரம்மா ராத்திரி சொல்லித்தான் தெரியும். பொண்ணு காலையில இருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்ததுக்கு காரணம் ரைடு போரடிக்கறது இல்ல, தண்ணி ரைடுக்கு அப்புறம் துணி மாத்துற ரூம். போன தடவை போனப்போ கதவுல தாழ்ப்பாள் இல்ல, துணி மாட்ட ஆணி இல்ல, தரையில தண்ணி தேங்கி நின்னுச்சு, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். இந்தத் தடவையும் அதே கதவுதான். காட்டன் துணியில இருந்து நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும்னு நைலான் டிரஸ்தான் போடணும்ங்கறாங்க, நியாயம்தான், அப்போ மாத்துறதுக்கு எடம் வேணுமா வேணாமா? பதினாலு வயசுப் பொண்ணு இதை அப்பாகிட்ட சொல்ல மாட்டா, "எனக்கு வேணாம்"னு மட்டும்தான் சொல்லுவா. அதைப் பெரிய பசங்களுக்கு தீம் பார்க் பிடிக்கலன்னு கணக்குல எழுதிக்கிறாங்க. பொண்ணுங்களைப் பெத்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை சார்?

செலவுக்கு எங்க போறதுன்னு பார்க் நடத்தறவங்க கேக்கலாம். அவங்க கஷ்டம் எனக்கும் தெரியுது, கொரோனா காலத்துல மாசக்கணக்கா பூட்டிக் கிடந்தாங்க. ஜிஎஸ்டி வந்தப்போ 2017ல தீம் பார்க் டிக்கெட்டுக்கு 28 பர்சன்ட் போட்டு, 2018 ஜனவரியில 18 ஆ கொறைச்சாங்க. குடும்பத்தோட போற எடம்னு மேல இருக்கறவங்க அன்னைக்கு யோசிச்சிருக்காங்க, இன்னும் யோசிக்கட்டும், அதுக்கு நான் கூடவே நின்னு கையெழுத்துப் போடறேன். ஆனா நான் கேக்கறது புது ரைடு இல்ல. டிக்கெட் கவுண்டர்லயே இன்னைக்கு எது ஓடுது எது ஓடலன்னு ஒரு போர்டு வைங்க, சாக்பீஸ்ல எழுதினாக்கூடப் போதும். ஒவ்வொரு ரைடு வாசல்லயும் காலையில ஆள் ஏத்தாம ஓட்டிப் பார்த்தது யாரு, எத்தனை மணிக்குன்னு எழுதி மாட்டுங்க, எங்க கம்பெனியில ஒவ்வொரு மெஷின்லயும் அந்தக் கார்டு தொங்குது. ஏறாம உக்காந்திருக்கற பெரியவங்ககிட்ட முழுக் காசு வாங்காதீங்க. அந்தக் கொலம்பஸ் தம்பி மாதிரி ஆளுங்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து வச்சுக்கோங்க, அன்னைக்கு என் பொண்ணை அந்தப் பார்க்ல சாயந்திரம் வரைக்கும் இருக்க வச்சது அவர்தான்.

சாயந்திரம் வெளிய வரும்போது பையன் கதவு நிலையில சாய்ஞ்சு நின்னு அக்காவை உயரம் பார்க்கச் சொன்னான். ரெண்டு சென்டிமீட்டர்தான் பாக்கி, காலாண்டு லீவுக்குள்ள வளர்ந்துடுவேன்னு சொல்லிக்கிட்டே வந்தான். பொண்ணு நானும் வர்றேன்னா. செப்டம்பர் கடைசியில மறுபடி போறதா முடிவு பண்ணியிருக்கோம். அந்த ரோலர் கோஸ்டர் அதுக்குள்ள ஓடுமா ஓடாதாங்கறதை ஆவடியில ரயில் ஏறறதுக்கு முன்னாடி யாராவது எங்களுக்குச் சொன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆவடி