நான்கு மாத ஆயுளுக்கு மூன்று மாதக் காத்திருப்பு

ஆய்வக விலங்கு நெறிமுறைக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டர்க்காய்ஸ் கில்லிமீன் என்ற சிறிய ஆப்பிரிக்க மீனின் மூப்பு பற்றிய எங்கள் ஆய்வுக்கு ஒப்புதல் தந்தவர்கள் நீங்கள்தான். ஆய்வில் மீன்களுக்குத் தரும் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ள மட்டுமே திருத்தம் கேட்டிருந்தோம். அனுமதி வந்துவிட்டது, மீன்கள் இல்லை.

நாங்கள் வளர்க்கும், ஜிஆர்இசட் எனப்படும் இம்மீனின் ஆய்வக வகை சுமார் நான்கு மாதமே வாழும். குழு கூடுவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆண் மீன்கள் சண்டையிடும், தீனி மாறினால் ஆயுளும் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் வளர்த்தோம். ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீனி போட்டோம். காத்திருந்த வாரங்களில் அவற்றின் நிறம் வெளிறியது, முதுகு வளைந்தது, உடல் மெலிந்தது. காலையில் விளக்கைப் போட்டால் ஏதாவதொரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடக்கும். முதுமையில் சாவது இயற்கை. ஆனால் எந்தக் கேள்விக்கும் விடை தராமல் சாகவா அவற்றை வளர்த்தோம்?

“முட்டை கையிருப்பில் இருக்கிறதே, மறுபடி பொரிக்கவையுங்கள்” என்றது அலுவலகம். ஜிம்பாப்வே, மொசாம்பிக் குட்டைகள் வற்றினாலும் இவற்றின் முட்டைகள் வளர்ச்சியை நிறுத்திவைத்து அடுத்த மழைவரை சேற்றில் காத்திருக்கும். இங்கே ஈரத் தென்னை நார்த்தூளில் காத்திருக்கின்றன. முட்டை காத்திருக்கும், ஐயா. முட்டையிலிருந்து வெளிவந்த மீன் காத்திருக்காது. கிழட்டு மீன் வேண்டுமென்றால் முதலிலிருந்து வளர்த்தாக வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டு வாழும் எலிக்கு வகுத்த நாள்காட்டியையே எல்லா உயிர்க்கும் மாட்டிவிடுகிறோம். விலங்குகளின் எண்ணிக்கையையும் வலியையும் குறைக்கச் சொல்லி 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் வகுத்த நெறியை உங்கள் படிவமே கேட்கிறது. வலியைக் குறைக்கத்தான் விண்ணப்பித்தோம். தாமதத்தால் இன்னொரு தொகுதி மீன்களையும் பலிகொடுக்கப் போகிறோம். இதற்கு அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் பதில் எழுதுவது?

துன்பத்தைக் குறைக்கும் சிறு திருத்தங்களை முழுக் கூட்டத்துக்காக நிறுத்திவைக்க வேண்டாம். உறுப்பினர் இருவர் பார்த்து இரண்டு வாரத்தில் முடிவு சொல்லட்டும். மொசாம்பிக்கில் இந்த மீன் முட்டையிலிருந்து வெளிவந்த 14 நாளிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மறுப்பதானாலும் அதற்குள் மறுத்துவிடுங்கள்.

அடுத்த தொகுதி பொரித்தாயிற்று. இரண்டு வார வரம்பை வரும் கூட்டத்திலேயே நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மூப்பியல் ஆய்வு மாணவி ஒருத்தி