ஆச்சிக்கு ரைடு வேண்டாம், அண்ணாச்சி

நெல்லை, தென்காசிப் பக்கம் தண்ணீர்த் தீம் பார்க் நடத்துகிற அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். மே மாத லீவில் உங்களில் ஒருவருடைய பார்க்குக்குக் குடும்பத்தோடு வந்திருந்தேன். எந்தப் பார்க் என்று சொல்லப்போவதில்லை. படித்தால் அவரவருக்கே தெரியும்.

எங்களோடு ஆச்சியும் வந்தாள். வயது 79. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. வீட்டுக்குள் வாக்கர், வெளியே கிளம்பினால் வாக்கரும் யாராவது ஒருவர் தோளும். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, "இனிமே நான் எங்க ஓடப் போறேன்" என்பாள்.

முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டேன், வயசானவங்க வந்தா வசதி இருக்குமா என்று. "எல்லா வசதியும் இருக்குக்கா, வாங்க" என்றது அந்தப் பக்கம். வந்து பார்த்தால் வாசலிலேயே மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. சக்கர நாற்காலி இருந்தது, முதலுதவி அறைக்குள். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஒருவழியாக வந்த நாற்காலியில் ஒரு பக்கம் கால் வைக்கிற தகடு இல்லை.

வாசலில் நின்ற தம்பி நல்ல பையன். கொஞ்சம் யோசித்துவிட்டு எங்களைப் பின்பக்கமாகக் கூட்டிப்போனான். கேன்டீனுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும் உருட்டுவதற்கு ஒரு சாய்தளம் போட்டிருக்கிறீர்களே, அந்த வழியாகத்தான் ஆச்சி உள்ளே வந்தாள். "பாத்துத் தள்ளுங்கடா, சிலிண்டர் வெடிச்சிரப் போவுது" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு ஆம்பளைகள் தள்ளியும் மூச்சு வாங்கிவிட்டது, அவ்வளவு செங்குத்து. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. உங்கள் மூன்று படியும் சேர்த்து 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 5.4 மீட்டர் நீளம் போதும். வாசலில் நிற்கிற சிமெண்ட் டைனோசர் அதைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆச்சிக்கும் முழு டிக்கெட்தான் போட்டீர்கள். காசுக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் காசுக்காகவும்தான்.

அவளை ராட்டினத்தில் ஏற்றவில்லை என்று நான் சண்டைக்கு வரவில்லை. இருதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு, எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று போர்டு வைத்திருப்பது நியாயம். சேலையோடு தண்ணீரில் இறங்க விடாததும் நியாயம், துணி காலைச் சுற்றிவிடும். குற்றாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலையோடு அருவியில் நின்று பழகியவள் ஆச்சி. அவளே அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கொள்ளுப்பேரன் சறுக்கி வந்து தொப்பென்று விழுகிற இடம் தெரிகிற மாதிரி, நிழலில் ஒரு நாற்காலி. முதுகு சாய இடமும், எழுந்திருக்கும்போது ஊன்றக் கைப்பிடியும் உள்ள நாற்காலி. உங்கள் பார்க்கில் நிழல் இருக்கிற இடமெல்லாம் ஐஸ்கிரீம் கடையைப் பார்த்து இருக்கிறது. மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிற திண்ணையோ முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்காரவைத்தால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். கடைசியில் என் மகன் சறுக்கியதை ஆச்சி பார்த்தது என் தம்பி போனில் எடுத்த வீடியோவில். சறுக்கு அங்கிருந்து ஐம்பது அடி தூரம் இருக்கும்.

இனிக் கழிப்பறை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. காலையில் வீட்டில் காபி குடித்ததோடு சரி, அன்றைக்கு முழுக்க ஆச்சி எதுவும் குடிக்கவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தேன். "தாகமே இல்லட்டி, பிள்ளைகளுக்குக் குடு" என்றாள். மூன்று மணிக்கு உதடு வெடித்துப்போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நான் உடை மாற்றப் போனபோது கூடவே வந்து கழிப்பறையை எட்டிப் பார்த்திருக்கிறாள். ஈரத் தரை, ஏறிப்போக ஒரு படி, வாக்கர் நுழையாத கதவு. உள்ளே வெஸ்டர்ன் இருக்கிறது, பக்கத்தில் பிடிக்கக் கம்பி இல்லை. பார்த்ததுமே இன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். தூரத்துப் பஸ் பயணத்தில் நம் ஊர்ப் பொம்பளைகள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் மே மாத வெயிலில், 79 வயதில், அது விளையாட்டுக் காரியம் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும், தலை சுற்றினால் விழுவாள், அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். 90 செ.மீ. திறக்கிற ஒரு கதவு, சுவரில் இரண்டு எஃகுக் கம்பி, வழுக்காத டைல்ஸ். இவ்வளவு இருந்திருந்தால் ஆச்சி அந்த மோரைக் குடித்திருப்பாள்.

கிளம்பும்போது உங்கள் ஆள் ஒருவர், "இது தனியார் இடம்தானேம்மா" என்றார். அவருக்காக இது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பொதுக் கட்டடம்' என்று சொல்வதில், பொழுதுபோக்குக்காக மக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் சேர்த்தி. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளில் 50,000-லிருந்து 5 லட்சம் வரை. அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசுக்குச் சொல்லிவிட்டது. ஆச்சி தன்னை மாற்றுத்திறனாளி என்று ஒருநாளும் சொல்லமாட்டாள், "கால் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்பாள். சாய்தளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் சென்னையிலிருந்து கன்சல்டன்ட் கூட்டிவர வேண்டாம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. சக்கர நாற்காலியில் புழங்குகிற ஒருவரை அங்கிருந்து அழைத்து, ஒருநாள் உங்கள் பார்க்கைச் சுற்றிவரச் சொல்லுங்கள். அவரிடம் டிக்கெட் கேட்காதீர்கள்.

காலாண்டு லீவுக்குப் பிள்ளைகள் மறுபடியும் நச்சரிப்பார்கள். நானும் போன் பண்ணுவேன். வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், பெரிய சறுக்கு தெரிகிற மாதிரி நிழலில் எத்தனை நாற்காலி என்று கேட்பேன். போன் எடுக்கிற பிள்ளையிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேத்தி,
பாளையங்கோட்டை