மாட்டுக்குப் பல், ரிவால்வருக்குப் பூட்டு

லான்காஸ்டர், பென்சில்வேனியா
ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். ரிவால்வர் வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் நிதானமாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இங்கே ஊரைத் தாண்டினால் சோளக்கொல்லை, அதற்கப்பால் ஓக் காடு. இலையுதிர் காலம் வந்தால் உரிமம் வாங்கிக்கொண்டு அணில், முயல் வேட்டைக்குப் போவார்கள். இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. சாம்பல் நிறம், அரைக்கிலோ எடை. கறிக்காகவே சுடுகிறார்கள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை நானும் முடித்துவிட்டேன். அந்த வேட்டைக்குத்தான் இந்த ரிவால்வர்.

பள்ளியில் என்சிசி முகாமில் ரைபிளில் போட்டுச் சுட்டோமே, அதே பாயிண்ட் டூ டூ தோட்டாதான் இந்த ரிவால்வருக்கும். தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும்; விளிம்பில் தட்டு விழுந்தால் வெடிக்கும். சுடும்போது கையைப் பின்னால் உதைப்பது மிகக் குறைவு, விலையும் குறைவு. ஒரே காலையில் நூறு சுட்டாலும் கை வலிக்காது.

பழையதாகவே வாங்க நினைத்தேன். இந்தச் சின்னத் தோட்டா பேரலை, அதாவது குண்டு பாயும் குழாயை, லேசில் தேய்க்காது. துருவும், கண்டபடி விட்டுத் தேய்க்கும் கம்பியும்தான் அதைக் கெடுக்கும்.

கடையில் முதலில் கண்ணில் பட்டது கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு ரிவால்வர். மணப்பாறை மாட்டுச் சந்தையில் நீங்கள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது: கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தால் முதலில் பல்லைப் பிடித்துப் பார். சரி என்று, தோட்டா வைக்கும் ஆறு அறையும் காலி என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சோதித்தேன். அந்த அறைகள் உள்ள சுழலும் சிலிண்டரை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி, தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்தேன். சுத்தியல் முழுதாக நிற்கும்போது சிலிண்டரும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் பூட்டின. ஆறாவது ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிட்டது. அப்படியே சுட்டால் ஈயக்குண்டு பேரல் வாயில் உரசிச் சீவப்பட்டு, துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். அறைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டினேன், பிசிறு தட்டியது. தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்த்துப் பார்த்து, தோட்டாவின் விளிம்பில் தட்ட வேண்டிய ஊசி குத்திய பள்ளம் அது. அதில் காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் மாடல் 17 ரிவால்வர் ஒன்றும் இருந்தது. 1931இல் கே-22 என்று வந்த வம்சம். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் விலை எனக்கு எட்டவில்லை.

கடைசியில் எடுத்தது ரூகர் கம்பெனியின் சிங்கிள் சிக்ஸ். உறையில் தேய்ந்து பேரல் முனை வெளுத்திருக்கிறது, மரப்பிடியில் ஒரு கீறல். ஆனால் ஆறு அறையும் கச்சிதமாகப் பூட்டுகின்றன. இந்த மாடல் 1953இல் வந்தது. 1973க்கு முந்தைய பழைய அமைப்பென்றால், கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடிக்கக்கூடும். அதனால் சுத்தியலுக்கு நேரே ஓர் அறையைக் காலியாக வைக்க வேண்டும். 1973இல் டிரிகரை இழுத்தால் மட்டுமே அடி ஊசிக்குப் போகும்படி நடுவில் ஒரு தகடு வைத்துவிட்டார்கள். என்னுடையது அந்தப் புதிய அமைப்பு. அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். கூடவே, மாக்னம் என்கிற இன்னும் நீளமான, வலுவான தோட்டாவுக்கென்று தனிச் சிலிண்டரும் வந்தது. அதன் முகப்பில் துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் கீறியிருந்தன, ஒத்துப்போயின. வேறு துப்பாக்கியின் சிலிண்டரைச் செருகிக் கொடுத்திருந்தால் பூட்டு பொருந்தும் என்று நம்ப முடியாது.

கிரீன் கார்டு காட்டி, படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கொடுத்தார்கள். வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு அலமாரியில். சாவி என் இடுப்பில். பாப்பாவுக்குப் பெட்டி இருக்கும் இடம்கூடத் தெரியாது.

இப்போதைக்குக் காகிதத்தில்தான் சுடுகிறேன். பதினைந்து கஜத்தில் ஆறு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. அணிலின் தலை அதைவிடச் சின்னது. குண்டு தப்பிப் பட்டு அது துடித்தால் என்னால் தாங்க முடியாது. குண்டுகள் விழும் வட்டம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கும்வரை காட்டுக்குள் போகமாட்டேன்.

அக்டோபருக்குள் கை படிந்துவிடும் என்று நினைக்கிறேன். அப்புறம், நாட்டுக்கோழிக்கு அரைக்கிற மசாலாவில் மிளகும் சீரகமும் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். முயலுக்கும் அதே அளவு போதுமா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்