நகரம் சுற்றிக்காட்டும் பஸ் நடத்துகிறவர்களுக்கு: நாங்கள் காத்துநிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

சுற்றுலா பஸ் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அந்த பஸ்களுக்கு வழித்தடமும் நிறுத்தமும் ஒதுக்கித் தருகிற நகர நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று வீட்டோடு கிளம்பி ஒரே நாளில் ஒரு ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் நானும் ஒருத்தி. மேல்தளம் திறந்த அந்த மாடி பஸ் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். டாக்ஸியில் போனால் பிள்ளைகளுக்கு முன்சீட்டின் முதுகுதான் தெரியும், நடந்து போனால் பெரியவர்களுக்கு மூட்டு தாங்காது, உங்கள் பஸ்ஸில்தான் மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தை அண்ணாந்து பார்க்க முடிகிறது. அது நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்த நிறுத்தத்திலும் இறங்கலாம், எப்போது வேண்டுமானாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறீர்கள். இறங்குவது சுலபம்தான். திரும்ப ஏறுவதில்தான் எங்கள் நாள் போகிறது. பழைய முறையில், ஒரு கைடோடு ஒரே பஸ்ஸில் போய் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டு அதே சீட்டுக்குத் திரும்புகிற சுற்றுலாவில், பஸ் நமக்காகக் காத்திருந்தது. இப்போது நாம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறோம். இந்த மாற்றத்தால் சுதந்திரம் கிடைத்தது உண்மை, ஆனால் காத்திருக்கும் வேலை முழுவதும் பயணிகள் தலையில் விழுந்துவிட்டது, அதில் பெரும்பங்கு கைக்குழந்தைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு முழுச்சுற்றுக்கு 2 மணி நேரம், ஓடுவது 4 பஸ்கள் என்றால் அரை மணிக்கு ஒரு பஸ். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 15 நிமிடம் நிற்க வேண்டும். 4 இடங்களில் இறங்கி ஏறினால் 1 மணி நேரம் நிறுத்தத்திலேயே கழிந்துவிடும். இது எல்லாம் ஒழுங்காக ஓடினால். நெரிசலில் ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏற நேரமாகும், அது இன்னும் பிந்தும், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு என்பதால் அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். இப்படி 4 பஸ்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிட்டால் அரை மணிக்கு ஒன்று என்பது மணிக்கு ஒரு ஜோடி ஆகிவிடும். அதே 4 இடங்களுக்கு இப்போது 2 மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு பஸ்கூட ரத்தாகவில்லை, உங்கள் பதிவேட்டில் எல்லா நடையும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நிறுத்தத்தில் நிற்கிற குடும்பத்துக்கு ஒரு அருங்காட்சியகம் போயிற்று.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சாதாரண நகர பஸ்களில் செய்கிற மாதிரி, முன்னதை நெருங்கிவிட்ட பஸ்ஸை ஏதாவது ஒரு நிறுத்தத்தில் சில நிமிடம் பிடித்து வைத்து இடைவெளியைச் சரிசெய்யலாம். உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும்தான். ஆனால் ஏன் நிற்கிறோம் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொறுத்துக்கொள்வார்கள். அதுவும் கழிப்பறை இருக்கிற நிறுத்தமாகப் பார்த்து நிறுத்தினால் எங்கள் வாழ்த்தே கிடைக்கும்.

அடுத்து, பஸ் எங்கே வருகிறது என்று சொல்லுங்கள். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து பஸ் நேரங்களை எல்லாரும் பயன்படுத்துகிற ஒரே வடிவில் வெளியிட வழிசெய்தார்கள், 2011-இல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் நிலையை அந்தந்த நேரத்திலேயே சொல்லும் வசதியும் அதில் சேர்ந்தது. உங்களில் சிலர் செயலியில் காட்டுகிறீர்கள், நன்றி. மற்றவர்களும் செய்யுங்கள், நிறுத்தத்திலேயே ஒரு சிறு பலகையிலும் காட்டுங்கள், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவரின் போனில் நெட் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது. இன்னும் 25 நிமிடம் ஆகும் என்று தெரிந்தால் நாங்கள் நிழலில் உட்காருவோம், பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டுவோம். எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் ஒருவர் மாறி ஒருவர் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோம்.

காலி சீட் எத்தனை என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 6 பேர் நிற்கிறோம், பஸ்ஸில் 4 இடம் இருக்கிறது. பாதிப்பேரை அனுப்புவதா, எல்லாரும் அடுத்ததற்கு நிற்பதா? படிக்கட்டில் கால் வைத்த பிறகு இந்த முடிவை எடுக்கச் சொல்லாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. வருகிற பஸ்ஸின் ஊழியர் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிவிட்டால் நிறுத்தத்தில் இருப்பவர் எங்களிடம் சொல்லிவிடலாம். மடக்கிய தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.

நகர நிர்வாகத்தினரிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நிறுத்தங்கள் பல இடங்களில் நடைபாதையில் நட்ட ஒரு கம்பம், அவ்வளவுதான். கூரையும் பெஞ்சும் வேண்டும். குடிநீரும் கழிப்பறையும் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் என்று கம்பத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். சிறுநீரை அடக்க முடியாத பெரியவர் இந்த ஒரு காரணத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் நாளெல்லாம் சுற்றுகிறார், அது வெயிலில் ஆபத்து.

வெயில் என்றதும், மேல்தளம் பற்றி. பஸ் ஓடும்போது காற்று அடிப்பதால் சூடு தெரியாது, ஆனால் தோலில் விழுகிற புற ஊதாக் கதிர் குறைவதில்லை. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரைதான் அது அதிகம், நீங்கள் மும்முரமாக ஓடுவதும் அந்த நேரத்தில்தான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேரடி வெயிலிலேயே வைக்கக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மேல்தளத்தில் பாதிக்காவது துணிக்கூரை போடுங்கள். பக்கத்தடுப்பின் உயரத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை, அதனால் எழுந்து நிற்கிறார்கள், மரக்கிளை தாழ்ந்து வருகிற இடத்தில் இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தடுப்பில் கொஞ்சம் கண்ணாடி வைத்தால் உட்கார்ந்தே பார்ப்பார்கள்.

அப்புறம் டிக்கெட். 1 நாள் என்றால் ஏறியதிலிருந்து 24 மணி நேரமா, அன்று மாலையோடு முடிகிறதா? வாங்குகிற இடத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். 24 மணி நேரம் என்றால் மதியம் தொடங்கி மறுநாள் காலை மீதியைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு மதியத் தூக்கமும் கெடாது. ஒரே திசையில் மட்டும் ஓடுகிற வழித்தடம் என்றால் அதையும் சொல்லுங்கள். முந்தின நிறுத்தத்தில் எதையோ விட்டுவிட்டால் முழுச்சுற்றும் சுற்றித்தான் வரவேண்டும் என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரியாது.

கடைசியாக, கடைசி பஸ். தொடக்க இடத்திலிருந்து அது கிளம்பும் நேரத்தை எழுதுவதால் எங்களுக்குப் பயன் இல்லை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது எப்போது வரும் என்பதை அந்தந்தக் கம்பத்தில் எழுதுங்கள். அது நிறைந்து வந்தால் மிச்சம் நிற்பவர்களை ஏற்ற இன்னொரு வண்டி வரும் என்ற உறுதியும் வேண்டும். அந்த நேரத்தில் நிறுத்தத்தில் நிற்பவர்கள் களைத்தவர்கள், தோளில் தூங்குகிற பிள்ளையோடு, அறிமுகமில்லாத ஊரில் நிற்பவர்கள். அவர்களை ஏற்றாமல் அன்றைய சேவையை முடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டோடு உங்கள் பஸ்ஸில் ஏறும் ஒரு பயணி